பிரிட்டனில் டிவி, பிராட்பேண்ட் பில்லைப் பேசிக் குறைப்பது எப்படி?

லண்டன் ஹாரோவில் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டீ வைத்த மேசையில் கிடந்த பில் கண்ணில் பட்டது. டிவி, பிராட்பேண்ட், லேண்ட்லைன் மூன்றுக்கும் சேர்த்து மாதம் 91 பவுண்ட். எப்போது எடுத்த இணைப்பு என்று கேட்டேன். “சின்னவன் பிறந்த வருசம்” என்றார். சின்னவன் இப்போது இயர் டூ படிக்கிறான், ஆறேழு வயது. எடுத்த புதிதில் 49 பவுண்ட் கட்டியிருக்கிறார். ஒன்றரை வருட ஒப்பந்தம் முடிந்ததும் தள்ளுபடி போய்விட்டது. அதற்குமேல் வருடா வருடம் விலையும் ஏறியிருக்கிறது. நடுவில் கம்பெனியிலிருந்து வந்த கடிதங்களை விளம்பரம் என்று நினைத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்.

“இவையிட்ட குறைக்கச் சொல்லிக் கேக்கலாமோ தம்பி? கோவிக்க மாட்டினமோ?” என்று கேட்டார்.

கேட்கலாம். கோபிக்க மாட்டார்கள். ஒரு கட்டு கீரைக்குப் பேரம் பேசத் தயங்காத நம் ஆட்கள், இந்த ஊர் பில்லை மட்டும் மறுபேச்சில்லாமல் கட்டுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அச்சடித்த விலை மாறாது என்ற நினைப்பு ஒரு பக்கம், போனில் ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்ற தயக்கம் இன்னொரு பக்கம். இணைப்பைத் துண்டித்துவிட்டால் பிள்ளைகள் படிப்பு என்னாவது என்ற பயமும் உண்டு. ஆனால் பிரிட்டனில் டிவி, பிராட்பேண்ட் இரண்டு பில்லும் பேசித் தீர்க்கிற விலைதான். புதிதாக வருகிறவருக்கு ஒரு விலை, பல வருடமாக இருப்பவருக்கு வேறு விலை, கிளம்பப் போகிறேன் என்பவருக்கு மூன்றாவதாக ஒரு விலை. அந்த மூன்றாவது விலையை வாங்கும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் தேதி

வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 12, 18 அல்லது 24 மாத ஒப்பந்தமாக இருக்கும். அந்தக் காலத்துக்குள் விலகினால் மீதி மாதங்களுக்கு வெளியேறும் கட்டணம் கேட்பார்கள். நீங்கள் போக மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் உங்கள் பேச்சுக்கு அங்கே எடை இருக்காது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் நிலைமையே வேறு. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், கதவு திறந்தே இருக்கிறது.

தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2020 பிப்ரவரியில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்கு முன்னால் கம்பெனி உங்களுக்குத் தகவல் அனுப்பியே ஆக வேண்டும். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எஸ்எம்எஸ்ஸாகவோ வரும். முடியும் தேதி, இப்போதைய விலை, முடிந்த பிறகு கட்டப்போகும் விலை, அவர்களிடம் உள்ள நல்ல சலுகைகள், புதிய வாடிக்கையாளருக்கு என்ன விலை என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தும் அப்படியே இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது இதுபோன்ற தகவல் வரும். அக்கா பழைய பேப்பரோடு போட்டது இதைத்தான்.

கடிதம் கிடைக்கவில்லை என்றால் கம்பெனியின் ஆப்பில் பாருங்கள், அல்லது சாட்டில் “வென் டஸ் மை மினிமம் டெர்ம் எண்ட்?” என்று கேளுங்கள். கேட்கும்போது டிவிக்கும் பிராட்பேண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பில்லில் வந்தாலும் இரண்டு தேதி இருக்கலாம். நான் வந்த புதிதில் இதில் மாட்டிக்கொண்டேன். டிவியோடு இணைக்கும் புதிய செட்-டாப் பெட்டி இலவசமாகத் தருகிறோம் என்று போனில் சொன்னதற்குச் சரி என்றேன், டிவிக்கு மட்டும் புதிதாக 18 மாதம் தொடங்கிவிட்டது. பிராட்பேண்டை மாற்ற முடிந்தது, டிவியை மாற்ற முடியவில்லை.

பேசுவதற்கு நல்ல நேரம் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு. தேதி ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால் இன்றைக்கே பேசலாம்.

ஒப்பந்தத்துக்கு நடுவிலும் கட்டணமில்லாமல் விலகும் உரிமை சில சமயம் வரும். ஒப்பந்தத்தில் சொல்லாத அளவுக்கு விலையை ஏற்றினால் விலகலாம். உறுதி கொடுத்த குறைந்தபட்ச வேகம் கிடைக்காமல், புகார் செய்து 30 நாளிலும் சரிசெய்யவில்லை என்றால், வேகத்துக்கான ஆஃப்காம் விதித்தொகுப்பில் சேர்ந்திருக்கும் கம்பெனிகளிடமிருந்து விலகலாம். பெரிய கம்பெனிகள் பலவும் அதில் இருக்கின்றன.

பில்லைப் பிரித்துப் படியுங்கள்

நாங்கள் அக்காவின் பில்லை வரி வரியாகப் படித்தோம். சினிமா சேனல்களுக்கு ஒரு தொகை. அக்கா வீட்டில் படம் பார்ப்பது நெட்ஃபிளிக்ஸில். குழந்தைகள் சேனலுக்கு ஒரு தொகை. சின்னவன் பார்ப்பது யூடியூப். மேல் அறைக்கு இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். அந்த அறையில் இருந்த கொழுந்தனார் கல்யாணமாகிப் போய் மூன்று வருடம் ஆகிறது. பெட்டி கட்டிலுக்கடியில் தூசியோடு இருந்தது, அதற்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது. லேண்ட்லைனில் மாலை நேர அழைப்புகளுக்கென்று ஒரு திட்டம். யாழ்ப்பாணத்துக்கும் டொரண்டோவுக்கும் பேசுவது முழுக்க வாட்ஸ்அப்பில். சிவப்புப் பேனாவால் நான்கையும் கோடிட்டோம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே குறைக்கக்கூடிய பணம் அது.

வேகத்துக்கும் இதே கணக்குதான். 900 எம்பிபிஎஸ் வேண்டுமா என்று கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும். நெட்ஃபிளிக்ஸ் தன் முழு எச்டி படத்துக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் அலுவலக மீட்டிங்கில் இருக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு திரையில் பார்த்தாலும் 100 எம்பிபிஎஸ் தாராளம். மாடியில் சிக்னல் வரவில்லை என்பது பெரும்பாலும் ரூட்டர் இருக்கும் இடத்தின் கோளாறு. டிவிக்குப் பின்னால் திணித்து வைத்திருப்பதை எடுத்துத் திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், வேகத்தைக் கூட்டுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

டிவியில் உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் ஃப்ரீவியூ என்ற இலவச ஒளிபரப்பில் மாதக் கட்டணமில்லாமல் வருகின்றன. இங்கிலாந்து சொந்த மண்ணில் ஆடும் கிரிக்கெட்டின் நேரடி ஒளிபரப்பு உரிமை 2028 வரை கட்டண டிவி நிறுவனமான ஸ்கையிடம் இருக்கிறது. இந்திய அணி இங்கே வந்து ஆடும் சில நாட்களுக்காக வருடம் முழுக்க விளையாட்டு சேனல் கட்டுகிறவர்கள், ஸ்கையின் நவ் ஆப்பில் ஒரு நாளுக்கு மட்டும் வாங்கும் வசதி இருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ் சேனல்களையும் இப்போது ஆப் வழியாகத் தனியாக வாங்கலாம். அம்மா அப்பா சீரியல் பார்ப்பதற்காகப் பெரிய பேக்கேஜ் வேண்டிய அவசியமில்லை.

டிவி பார்ப்பதற்கான உரிமமான டிவி லைசென்ஸ் வேறு, அதில் பேரம் கிடையாது. 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்ட் ஆனது. எந்தச் சேனலையும் நேரலையில் பார்த்தாலோ பிபிசி ஐபிளேயர் பார்த்தாலோ லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் லைசென்ஸ் வேண்டாம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். நேரலை பார்க்கும் வரை வேண்டும்.

லேண்ட்லைனை எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய செம்புக் கம்பி தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் மூடிவிட்டு எல்லாவற்றையும் இணையம் வழியாக மாற்றுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புக் கருவி லேண்ட்லைனோடு இணைந்திருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் அதைக் கம்பெனியிடம் சொல்லியே ஆக வேண்டும். பழைய எண் வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

உங்கள் தெருவில் என்ன விலை

மாற்று விலை கையில் இல்லாமல் போன் செய்யாதீர்கள். உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் என்னென்ன இணைப்பு கிடைக்கும் என்று காட்டும் வசதி ஆஃப்காம் தளத்தில் இருக்கிறது. யூஸ்விட்ச், மணிசேவிங்எக்ஸ்பர்ட் போன்ற தளங்களில் விலையை ஒப்பிடலாம். பிடி (BT), ஸ்கை, டாக்டாக், வோடஃபோன் எல்லாம் பல தெருக்களில் ஓபன்ரீச் என்ற நிறுவனத்தின் ஒரே கம்பியில்தான் வருகின்றன. அதனால் இவற்றுக்குள் மாறும்போது பெரும்பாலும் தெருவைத் தோண்டும் வேலை இல்லை. வர்ஜின் மீடியாவுக்குத் தனிக் கேபிள். லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர், ஹைப்பர்ஆப்டிக் போன்றவை வரும் தெருவாக இருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். வாடகை வீட்டில் புதிதாகச் சுவரில் துளை போட வேண்டியிருந்தால் வீட்டுக்காரரிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிடும்போது முதல் மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முன்பெல்லாம் ஏப்ரல் வாக்கில் பணவீக்கத்தோடு கூடுதல் சதவீதம் சேர்த்து ஏற்றுவார்கள். 2023-இல் பிடி வாடிக்கையாளர்கள் பலருக்கு 14.4 சதவீதம் ஏறியது. 2025 ஜனவரி 17 முதல் போடும் ஒப்பந்தங்களில், எந்த மாதம் எத்தனை பவுண்ட் எத்தனை பென்ஸ் ஏறும் என்று முன்பே எழுதித் தர வேண்டும் என்று ஆஃப்காம் விதித்துவிட்டது. ஆகவே மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம். ஒரு கம்பெனி 24 மாதத்துக்கு 27 பவுண்ட் என்கிறது, ஒவ்வொரு ஏப்ரலும் 4 பவுண்ட் ஏறும். செப்டம்பரில் தொடங்கினால் முதல் 7 மாதம் 27, அடுத்த 12 மாதம் 31, கடைசி 5 மாதம் 35. மொத்தம் 736 பவுண்ட். இன்னொரு கம்பெனி ஏற்றமே இல்லாமல் 30 பவுண்ட் என்றால் மொத்தம் 720. பார்வைக்கு விலை கூடியதுதான் கணக்கில் மலிவு. அக்காவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது, கால்குலேட்டரை வாங்கித் தானே இன்னொரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

போன் அழைப்பு

ஒரு தாளில் நான்கு வரி எழுதினோம். இப்போது கட்டுவது 91. ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதே தெருவில் வேறு கம்பெனியின் பிராட்பேண்ட் 28. நாங்கள் கட்டத் தயாராக இருப்பது, டிவியோடு சேர்த்து 50. இந்தக் கடைசி எண்ணை முன்பே முடிவு செய்துகொள்வது முக்கியம். இல்லையென்றால் அவர்கள் சொல்லும் முதல் குறைப்பே பெரிதாகத் தெரியும்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பேச வேண்டும். பெயர், முகவரி, பாஸ்வேர்டு சரிபார்த்த பிறகு, “ப்ளீஸ் ஸ்பீக் டு மை பிரதர்” என்று அனுமதி கொடுத்தால் மற்றவர் பேசலாம். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் இதற்குக் கூச்சப்படவே வேண்டாம். போனில் முடியாது என்றால் சாட்டில் செய்யலாம். நிதானமாகப் படித்துப் பதில் எழுதலாம், பேசியதெல்லாம் எழுத்தில் நிற்கும்.

அழைத்ததும் வரும் தேர்வுகளில் விலகுவதற்கான எண்ணை அழுத்துங்கள். பில் பற்றிய எண்ணை அழுத்தினால் சாதாரண கஸ்டமர் கேர் வரும், அவர்களுக்குப் பெரிதாகக் குறைக்கும் அதிகாரம் இருக்காது. விலகுகிறவர்களைத் தக்கவைக்கவே ரிட்டென்ஷன்ஸ் என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். சலுகைக்கான சாவி அங்கேதான் இருக்கிறது.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: “மை காண்ட்ராக்ட் ஹாஸ் எண்டட். தி பிரைஸ் இஸ் டூ ஹை ஃபார் மீ. ஐ ஆம் திங்கிங் ஆஃப் லீவிங்.” அவ்வளவு போதும். கோபம் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் விலையை நிர்ணயித்தவரல்ல, நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவர். மரியாதையாகப் பேசுகிறவருக்குக் கூடுதலாக ஒரு படி இறங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இல்லாத சலுகையை இருப்பதாகச் சொல்லாதீர்கள். எந்தக் கம்பெனி, என்ன வேகம் என்று கேட்பார்கள், போட்டியாளர் விலை அவர்கள் திரையிலும் இருக்கலாம்.

அக்காவுக்கு முதலில் சொன்னது 79 பவுண்ட், கூடவே வேகத்தை இரட்டிப்பாக்குகிறோம் என்றார்கள். முதல் சலுகை பெரும்பாலும் இப்படித்தான் வரும், விலையைக் கொஞ்சம் குறைத்து, கேட்காத ஒன்றைச் சேர்த்து. “தாங்க்யூ, ஐ டோண்ட் நீட் மோர் ஸ்பீட். ஐ நீட் எ லோயர் பிரைஸ்” என்றேன். பிறகு கோடிட்டு வைத்த நான்கையும் எடுக்கச் சொன்னோம். 63 ஆனது. 28 பவுண்ட் விலையைச் சொன்னேன், சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்து, சரி என்று சொல்லிவிடு என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்த அமைதி தாங்க முடியாததாகத்தான் இருக்கும். நாமாக அதை உடைத்தால் நாமே விலையை ஏற்றிவிடுவோம். ஒரு நிமிடம் கழித்து மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஹோல்டில் போட்டார். திரும்பி வந்தபோது 51 பவுண்ட், 18 மாதம்.

சரி என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இது எல்லாம் சேர்ந்த மொத்தமா? இந்த விலை கடைசி மாதம் வரைக்குமா, முதல் ஆறு மாதத்துக்கு மட்டுமா? ஏப்ரலில் எவ்வளவு ஏறும்? டிவிக்கும் பிராட்பேண்டுக்கும் ஒரே நாளில் முடிகிறதா? புதிய பெட்டிக்கோ ரூட்டருக்கோ தனிக் கட்டணம் உண்டா? மொபைல் சிம் ஒன்றை இடையில் நுழைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒப்பந்தச் சுருக்கத்தை அனுப்ப வேண்டும் என்பது விதி. மின்னஞ்சல் வரும்வரை காத்திருந்து, படித்துவிட்டுச் சொல்லுங்கள். போனில் போட்ட புதிய ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யவும் உரிமை இருக்கிறது.

இறங்கி வரவில்லையா? நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். வேறு நாள், வேறு ஆள். முதல் அழைப்பில் கிடைக்காதது இரண்டாவது அழைப்பில் கிடைத்த வீடுகள் உண்டு. விலகல் நோட்டீஸ் கொடுத்த பிறகு அவர்களே கூப்பிட்டு நல்ல விலை தருவதும் நடக்கும். ஆனால் அப்படிக் கூப்பிடாவிட்டாலும் உண்மையிலேயே கிளம்பத் தயாராக இருந்தால் மட்டும் நோட்டீஸ் கொடுங்கள்.

கிளம்புவது என்று முடிவானால்

2024 செப்டம்பர் 12 முதல் பிராட்பேண்ட் மாறுவது எளிதாகிவிட்டது. புதிய கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும், பழைய இடத்தில் நிறுத்தும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒன் டச் ஸ்விட்ச் என்று பெயர். மாறிய நாளுக்குப் பிறகு பழைய பிராட்பேண்டுக்கு நோட்டீஸ் காலக் கட்டணமும் கேட்க முடியாது. இது பிராட்பேண்டுக்கும் லேண்ட்லைனுக்கும் மட்டும்தான். கட்டண டிவியை நீங்கள்தான் தனியாக ரத்து செய்ய வேண்டும். இது தெரியாமல் பிராட்பேண்ட் போனதும் டிவியும் போய்விட்டது என்று நினைத்து, மாதக்கணக்கில் வங்கியிலிருந்து டைரக்ட் டெபிட்டில் பணம் போய்க்கொண்டிருந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

பழைய ரூட்டரையும் பெட்டியையும் அவர்கள் சொன்னபடி திருப்பி அனுப்பிவிட்டு, போஸ்ட் ஆபீஸ் ரசீதைப் படமெடுத்து வையுங்கள். வரவில்லை என்று கட்டணம் போட்டால் அந்தப் படம்தான் உங்கள் சாட்சி.

பேரமே தேவைப்படாத சிலர்

யூனிவர்சல் கிரெடிட் அல்லது பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு சோஷியல் டாரிஃப் என்று குறைந்த விலை பிராட்பேண்ட் உண்டு. பிடி, ஸ்கை, வர்ஜின் மீடியா, வோடஃபோன் எல்லாவற்றிலும் இருக்கிறது, பெரும்பாலும் மாதம் 12 முதல் 23 பவுண்டுக்குள். அதே கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு நடுவில் இருந்தாலும் பல இடங்களில் கட்டணமில்லாமல் மாற்றிவிடுவார்கள். நாமாகக் கேட்டால்தான் பெரும்பாலும் தருகிறார்கள். இங்கேயே நிரந்தரமாக இருக்கும் நம் முதியவர்கள் பலருக்கு இந்த உரிமை இருந்தும் தெரிவதில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுப் பாருங்கள். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்தவர்களுக்குப் பொதுவாக அரசு உதவித்தொகைக்குத் தகுதி கிடையாது, ஆகவே இந்த வழி அவர்களுக்கு இல்லை. அதற்காக உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள், விசாவுக்கே சிக்கலாகும். புதிதாக வந்து கிரெடிட் ஹிஸ்டரி (கடனையும் பில்லையும் ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லாதவர்கள், ஒரே வருடம் தங்கப் போகிற மாணவர்கள், 24 மாதத்தில் கையெழுத்துப் போடாமல் மாத ஒப்பந்தமோ 5ஜி ரூட்டரோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் பில் வரும்வரை

பேசிய தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன விலை. இவற்றை அதே தாளில் குறித்து வையுங்கள். அக்காவுக்கு முதல் பில் 51-க்குப் பதில் 58 என்று வந்தது. இரண்டாவது பெட்டியை எடுக்க மறந்திருந்தார்கள். தாளைப் பார்த்து தேதியும் பெயரும் சொன்னதும் பத்து நிமிடத்தில் சரியானது. அப்படிச் சரியாகவில்லை என்றால் முறைப்படி புகார் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதற்கும் தீர்வு வராவிட்டால் கம்யூனிகேஷன்ஸ் ஆம்பட்ஸ்மன் அல்லது சிசாஸ் என்ற அமைப்பு விசாரிக்கும். உங்கள் கம்பெனி இரண்டில் எதில் சேர்ந்திருக்கிறது என்று அதன் இணையதளத்தில் இருக்கும். வாடிக்கையாளருக்கு இதில் செலவில்லை.

அன்று கிளம்பும்போது அக்கா சமையலறையில் தொங்கிய தமிழ்க் காலண்டரை எடுத்து வந்தார். புதிய ஒப்பந்தம் முடிவது அடுத்த வருடத்துக் காலண்டரில். அதனால் போனில் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக அலாரம் போட்டுக் கொடுத்தேன். “அப்ப திரும்பவும் நீங்கதான் வந்து பேசோணும்” என்றார். அடுத்த முறை அவரே பேசட்டும் என்று அந்த நான்கு வரித் தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.